கருவேலம் வெந்த தண்ணீர்

அந்தப் பெண் பித்தளைச் சொம்பு ஒன்றை முந்தானையால் மூடிப் பிடித்தபடி எங்கள் ஆய்வுக்கூட வாசலில் வந்து நின்றது ஒரு புதன்கிழமை. யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள். மதுரையில் ஒரு மிஷன் பெண்கள் பள்ளிக்கூடத்தில் நான் ரசாயனம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். அவளுடைய மகள் எங்கள் விடுதியில் தங்கி எட்டாம் வகுப்புப் படித்தாள். மகளைப் பார்க்க வந்திருப்பாள் என்று நினைத்து, "மணி அடிக்கட்டும், பிள்ளைய அனுப்புறேன்" என்றேன்.

"பிள்ளையப் பாக்க வரல டீச்சரம்மா. உங்களத்தான் பாக்க வந்தேன்."

சொம்பை மேசைமேல் வைத்து முந்தானையை விலக்கினாள். உள்ளே இருந்தது தண்ணீர்தான். ஆனால் கடுங்காப்பி நிறத்தில் இருந்தது. விளிம்பில் நுரை கட்டியிருந்தது.

"எங்க கண்மாய்த் தண்ணி" என்றாள். "நாத்தங்காலு முழுசும் கருகிப்போச்சு. எருமை மோந்து பாத்துட்டுத் திரும்பிருது. துணி அலசுனா கை வழவழங்குது, பொறகு எரியுது. அங்கன புதுசா ஒரு காயிதக் கம்பெனி வந்திருக்கு. அவுகளப் போய்க் கேட்டோம். கண்மாய்க்குள்ள நிக்கிற கருவேல மரத்துப் பட்டையும் காயும் ஊறித் தண்ணி கறுக்குதுங்கிறாக. பாதி ஊரு அத நம்புது, பாதி ஊரு நம்பல. ஞாயித்துக்கிழம கரையில கூட்டம். நீங்க இதச் சோதிச்சுச் சொல்லுங்க. டீச்சர் ரெண்டு சொட்டு விட்டா எதுல என்ன இருக்குன்னு தெரிஞ்சுபோகும்னு எம் மக சொல்லுவா. நீங்க சொன்னா ஊரு கேக்கும்."

கை வழவழக்கிறது என்று அவள் சொன்ன உடனேயே எனக்குத் தெரிந்துவிட்டது. காரம் கலந்த தண்ணீர்தான் விரலில் அப்படி வழுக்கும். ஊரின் பெயரைக் கேட்டேன். சொன்னாள். விளாங்குடி தாண்டி, திண்டுக்கல் ரோட்டிலிருந்து மேற்கே இறங்கிப் போகிற ஊர். நான் முகத்தை மாற்றாமல், "வச்சிட்டுப் போங்க, பாக்குறேன்" என்றேன்.

அந்தக் காகிதக் கம்பெனி என் அண்ணனுடையது என்று அவளுக்குத் தெரியாது. மரத்தை எப்படி வேக வைக்க வேண்டும் என்று அவருக்கு எழுதிக் கொடுத்தவளே நான்தான் என்பதும் தெரியாது.

அண்ணன் என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். அப்பா இறந்தபிறகு தன் படிப்பை விட்டுவிட்டு நோட்டுப் புத்தகம் தைக்கிற கடை வைத்து, என்னைக் கல்லூரிக்கு அனுப்பியவர். யுத்தம் வந்ததும் காகிதத்துக்குக் கட்டுப்பாடு வந்தது. எங்கள் பள்ளியிலேயே பெரிய வகுப்புப் பிள்ளைகள் மறுபடி சிலேட்டுக்குத் திரும்பியிருந்தார்கள். ஒரு நாள் அண்ணன் வந்து, "நாமளே காயிதம் காச்சினா என்ன பாப்பா?" என்று கேட்டார். எனக்குப் பெருமையாக இருந்தது. நான் படித்தது வீட்டுக்குப் பயன்படப் போகிறது என்று நினைத்தேன்.

மரம் என்பது நாரும் பசையும். நார்களைப் பிடித்து வைத்திருக்கும் அந்தப் பசைக்கு லிக்னின் என்று பெயர். காஸ்டிக் சோடா கரைத்த தண்ணீரில் மரச் சில்லுகளை மூடி வைத்து நீராவியில் வேக வைத்தால் பசை கரைந்து தண்ணீரோடு வந்துவிடும், நார் தனியாக நிற்கும். நாரை அலசி, அடித்து, சட்டத்தில் வார்த்தால் காகிதம். பழைய பஞ்சாலையில் கழித்துப் போட்ட ஓர் இரும்புக் கொப்பரையை அண்ணன் வாங்கிப் போட்டார். மூங்கிலுக்கு நாலு மணி நேரம் என்று எழுதிக் கொடுத்தேன். வேலை நன்றாக நடந்தது. வெந்து வடிகிற கறுப்புத் தண்ணீரை வேலைக்காரர்கள் கஷாயம் என்றார்கள். அதற்கென்று ஒரு குழி வெட்டி, காய விட்டு, அள்ளி எரித்தார்கள்.

பிறகு மலையிலிருந்து மூங்கில் வருவது நின்றது. லாரிகளைப் பட்டாளத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். பக்கத்தில் கிடைத்தது கருவேலம்தான். அதற்கு எவ்வளவு நேரம் என்று அண்ணன் ஆள் அனுப்பிக் கேட்டபோது, பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்த நான், கெட்டி மரம், ஏழு மணி நேரம் வேகட்டும், காஸ்டிக்கைக் கூட்டிப் போடுங்கள் என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தேன். யோசித்து எழுதியதில்லை. கஷாயம் எவ்வளவு வரும், எப்படி இருக்கும் என்று நான் நினைத்தே பார்க்கவில்லை.

அன்று அந்தப் பெண் போனதும் கதவைச் சாத்திக்கொண்டேன். சிவப்பு லிட்மஸ் தாளை நனைத்தேன். நீலமானது. சோதனைக் குழாயில் தண்ணீரை எடுத்துச் சில சொட்டு அமிலம் விட்டேன். சற்று நுரைத்து, பிறகு கலங்கியது. கால் மணி நேரத்தில் பழுப்புத் துகள்கள் மெல்ல அடியில் இறங்கின. காரத்தில் கரைந்த லிக்னின், அமிலம் பட்டால் இப்படித்தான் திரும்பிப் பிரியும்.

அண்ணனுக்கு நியாயம் செய்ய வேண்டும் என்று, பள்ளி மைதானத்து ஓரத்தில் நின்ற கருவேல மரத்தில் பட்டை பெயர்த்து வந்து வெறும் தண்ணீரில் கொதிக்க வைத்தேன். அதுவும் கறுப்பாகத்தான் வந்தது. ஆனால் லிட்மஸ் நீலமாகவில்லை. அமிலம் விட்டபோது துகள் எதுவும் இறங்கவில்லை. அன்னபேதி என்கிற இரும்பு உப்பைப் போட்டபோது மட்டும் இரண்டும் ஒரேபோல் மையாகக் கறுத்தன. ஆக, கண்மாய்த் தண்ணீரில் பட்டையின் துவர்ப்பும் இருந்தது, வெந்த பசையும் இருந்தது. பட்டை என்று அண்ணன் சொன்னது பாதி உண்மை. அது கண்மாயில் ஊறிய பட்டையில்லை, அவருடைய கொப்பரையில் வெந்த பட்டை.

பள்ளி விட்டதும் கரிவாயுவில் ஓடும் பஸ்ஸைப் பிடித்து விளாங்குடியில் இறங்கி, வரப்பு வழியாக நடந்தேன். கால்கள் வேகமாகப் போயின. என்ன கேட்பது என்பது மட்டும் தெரியவில்லை. அண்ணன் கொட்டகை வாசலிலேயே நின்றிருந்தார்.

"வா பாப்பா. நானே வரணும்னு இருந்தேன். ஊருக்காரங்க ஒரு பிரச்சினை பண்றாங்க. கருவேலம் பட்டை ஊறினாத் தண்ணி கறுக்கும்னு ரெண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடு. படிச்சவ எழுதினா அடங்கிருவாங்க."

"அண்ணே, கஷாயத்தை எங்க விடுறீங்க?"

"குழியில."

"குழி நிறைஞ்சா?"

நான் கொட்டகையின் பின்பக்கம் போனேன். குழி விளிம்புவரை நிறைந்திருந்தது. ஒரு பக்கக் கரையை வெட்டி, வெட்டின்மேல் பனையோலை போட்டு மூடியிருந்தார்கள். ஓலையைத் தூக்கினேன். கறுப்பாக ஒழுகி வாய்க்காலில் இறங்கிக்கொண்டிருந்தது. வாய்க்கால் போய்ச் சேருகிற இடம் கண்மாய்.

"எத்தனை நாளா?"

"மூங்கில் நின்னதுலேர்ந்து. கருவேலத்துக்குக் கஷாயம் ரொம்ப வருது பாப்பா. கெட்டியாவும் இருக்கு, காய மாட்டேங்குது. இம்புட்டுப் பெரிய கண்மாயில இது எம்மாத்திரம்னு நெனச்சேன். ஒரு மழை வந்தா அடிச்சிட்டுப் போயிரும்."

"மழை வரலையே."

"அதுக்கு நான் என்ன செய்ய?" என்று கத்தினார். கொட்டகைக்குள் நார் அலசிக்கொண்டிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் குரலைத் தாழ்த்தினார். "கொப்பரைய நிறுத்தினா இவளுக எல்லாம் எங்க போவாளுக? உன் பள்ளிக்கூடத்துக்குத்தானே நோட்டுப் போகுது? நீ சொன்னபடிதானே வேக வச்சேன்?"

ஏழு மணி நேரம், கூடுதல் காஸ்டிக். என் கையெழுத்து. நான் அப்போது சொன்னதை இன்றுவரை மாற்றி மாற்றி நினைத்துப் பார்க்கிறேன். "வெட்டை இப்பவே அடைங்க. ஞாயித்துக்கிழமைக்குள்ள நான் ஒரு வழி கண்டுபிடிக்கிறேன். அதுவரைக்கும் நானும் யார்கிட்டயும் பேசல" என்றேன்.

வெட்டை அன்றைக்கே மண் போட்டு அடைத்தார்கள். கண்மாயில் ஏற்கெனவே கலந்தது அப்படியே கிடந்தது.

மறுநாள் உடம்பு சரியில்லை என்று பள்ளிக்கு எழுதி அனுப்பிவிட்டுக் கொட்டகைக்குப் போனேன். கஷாயத்தில் அமிலம் ஊற்றினால் பசை பிரியும் என்பது தெரிந்ததுதான். ஆனால் அவ்வளவு அமிலத்துக்கு அப்போது எங்கே போவது? கரிப்புகையை ஊதினால் போதும் என்று கல்லூரியில் ஒரு வரி படித்த ஞாபகம். புகையில் இருக்கும் கரியமிலவாயு காரத்தைத் தணிக்கும், பசையில் பெரும்பகுதி பிரிந்துவிடும். பாய்லர் பார்த்துக்கொண்டிருந்த பாய் ஒரு கரியடுப்பும், கொல்லனிடமிருந்து ஒரு துருத்தியும், நீளமான இரும்புக் குழாயும் கொண்டுவந்தார். ஒரு பீப்பாய் கஷாயத்தில் குழாயை இறக்கி ஊதினோம். பீப்பாய் பொங்கியது. மத்தியானம் வரைக்கும் ஊதியும் எதுவும் இறங்கவில்லை. கோழை மாதிரி ஒரு வழவழப்பு மட்டும் மிதந்தது. துணியில் ஊற்றினால் துணி அடைத்துக்கொண்டது. கீழே சொட்டியது அதே கறுப்பு.

பாய் துருத்தியை விட்டு நிமிர்ந்தார். "மூங்கில்ல கஷாயம் இப்புடி இல்ல டீச்சரம்மா. இது ரொம்ப வெந்துபோச்சு. கறிய மொத்தமா வேக வச்சா எலும்புலேர்ந்து கழண்டு கொழம்புல கரைஞ்சு போகுமே, அந்த மாதிரி."

அந்த வார்த்தையில் எனக்கு மூளை விழித்துக்கொண்டது. ஏழு மணி நேரமும் அத்தனை காஸ்டிக்கும் பசையை மரத்திலிருந்து கழற்றியதோடு நிற்கவில்லை. கழன்றதைத் துண்டு துண்டாக உடைத்துக்கொண்டே இருந்திருக்கிறது. உடைந்த பொடித்துண்டுகள் கரைந்தே கிடக்கும், புகைக்கு அசையாது. போதாததற்குச் சில்லுகளைப் பட்டையோடு போட்டிருக்கிறார்கள். பட்டையின் துவர்ப்பு பழைய கொப்பரையின் இரும்போடு சேர்ந்து மை காய்ச்சியிருக்கிறது. மூங்கிலின் பசை ஒரு விதம், கருவேலத்தின் பசை வேறு விதம். இரண்டையும் ஒரே சரக்கு என்று எண்ணிக் கணக்குப் போட்டது நான்.

"பட்டையை உரிச்சிட்டு, காஸ்டிக்கைக் குறைச்சு, நாலு மணி நேரம் மட்டும் ஒரு தடவை வேக வைப்போம்" என்று அண்ணனிடம் சொன்னேன். அவர் முடியாது என்றார். வீணாகப் போகும் என்றார். காஸ்டிக் மிச்சமாகும் என்று சொன்னபிறகுதான் சம்மதித்தார்.

வெள்ளிக்கிழமை முழுக்கப் பட்டை உரித்தார்கள். சனிக்கிழமை காலை கொப்பரை ஏறியது. நாலு மணி நேரம் நான் நிழலில் உட்கார்ந்தபடியே கொப்பரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வடிந்த கஷாயத்தின் நிறமே வேறு, பழுப்பு. சூடு ஆறுவதற்கு முன்பே பீப்பாயில் ஊற்றிப் புகையை ஊதினோம். வியாழக்கிழமை ஆறிப்போனதை ஊதியதும் ஒரு தப்பு என்று அப்போதுதான் புரிந்தது. ஒரு மணி நேரத்தில் தவிட்டு நிறத்தில் துகள் திரண்டு, நொய் மாதிரி அடியில் இறங்கத் தொடங்கியது. துணியில் ஊற்றியபோது வெளிறிய தேநீர் நிறத்தில் தண்ணீர் வடிந்தது. பாய், "அல்ஹம்துலில்லாஹ்" என்று தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அண்ணன் மட்டும் நாரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாதிப் பசை அதிலேயே தங்கிவிட்டதால் நார் முரட்டுப் பழுப்பாக இருந்தது. "இதுல வர்ற காயிதத்துல யாரு எழுதுவா?" என்றார்.

"கடைக்காரங்க பொட்டலம் கட்டட்டும்."

"நாளைக்குக் கூட்டத்துல என்ன சொல்லப் போற?"

எனக்கே தெரியவில்லை. வழி கிடைத்துவிட்டதே, இனிமேல் கண்மாயில் கலக்கப் போவதில்லையே, பிறகு எதற்கு வாயைத் திறக்க வேண்டும் என்று மனத்தில் ஒரு பக்கம் சொல்லிக்கொண்டேயிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகாமல் நேரே கண்மாய்க் கரைக்குப் போனேன். ஆண்கள் கரை மேலும் பெண்கள் சரிவிலும் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணன் ஒரு பாட்டிலில் பட்டை ஊறிய தண்ணீரை எடுத்து வந்திருந்தார். அதை வெயிலில் தூக்கிக் காட்டி, "பாருங்க, இது வெறும் பட்டைத் தண்ணி. உங்க கண்மாய்த் தண்ணிக்கும் இதுக்கும் நிறத்துல வித்தியாசம் இருக்கா?" என்று கேட்டார். சிலர் தலையாட்டினார்கள். ஊர்ப் பெரியவர் ஒருவர், "அவுக சொல்றதும் ஒத்து வருதுல்ல" என்றார்.

சொம்பு கொண்டுவந்த பெண் சரிவிலிருந்து எழுந்தாள். "டீச்சரம்மா வந்திருக்காக. அவுகளக் கேளுங்க."

எல்லாரும் திரும்பினார்கள். அண்ணன் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் மிரட்டல் இல்லை. காய்ச்சலில் படுத்திருந்த என்னைச் சின்ன வயதில் பார்ப்பாரே, அந்தப் பார்வைதான். அதைத் தாங்குவதுதான் கஷ்டமாக இருந்தது.

பையிலிருந்து இரண்டு குழாய்களை எடுத்தேன். ஒன்றில் அண்ணனுடைய பாட்டிலிலிருந்து ஊற்றினேன். இன்னொன்றில் கண்மாயில் மொண்டு ஊற்றினேன். இரண்டிலும் அமிலம் விட்டேன். ஒரு சொட்டு மணிக்கட்டில் விழுந்து எரிந்தது. கால் மணி நேரம் காத்திருந்தோம். ஒரு குழாய் அப்படியே நின்றது. மற்றதில் துகள் இறங்கியது.

"இந்தத் துகள் மரத்தை வேக வச்சாத்தான் வரும். கண்மாயில ஊறினா வராது. இது கம்பெனித் தண்ணி" என்றேன். "கம்பெனி என் அண்ணனோடது. எப்படி வேக வைக்கணும்னு எழுதிக் குடுத்தது நான்."

ஓர் இளைஞன் எழுந்து, "கொப்பரைய உடைச்சுப் போட்டு வருவோம், வாங்கடா!" என்றான். பத்துப் பேர் எழுந்தார்கள். பெரியவர், "உக்காருங்கடா!" என்று அதட்டினார். அண்ணன் அசையாமல் நின்றார். ஓடவுமில்லை, மறுக்கவுமில்லை.

அந்தப் பெண் என் அருகே வந்தாள். "எப்ப தெரியும் உங்களுக்கு?"

"நீங்க வந்த அன்னைக்கே."

"புதன்கிழமையா?"

"ஆமா."

விரல் விட்டு எண்ணினாள். "வியாழன், வெள்ளி, சனி. கரையோரக் கெணத்துலதான் நாங்க குடிக்கத் தண்ணி எடுக்கிறோம். இன்னைக்குக் காலையிலயும் எம் பச்சப் பிள்ளைக்கு அதத்தான் காச்சிக் குடுத்தேன். குடிக்காதன்னு ஒரு வார்த்த சொல்லி அனுப்பியிருக்கலாம்ல டீச்சரம்மா?"

அவள் கத்தவில்லை. அதனால் என்னால் எதையும் சொல்லித் தப்ப முடியவில்லை. வழி தேடிக்கொண்டிருந்தேன் என்று சொல்ல வாயெடுத்து, நிறுத்திக்கொண்டேன். அந்த நாட்களில் நான் தேடியது அவர்களுக்கான வழியா, அண்ணனும் நானும் வெளியே தெரியாமல் தப்புவதற்கான வழியா என்று அவளுக்கு முன்னால் நின்று சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை.

"தப்புத்தான்" என்றேன். அவள் திரும்பிப் போய்விட்டாள்.

அண்ணன் அப்போதுதான் வாயைத் திறந்தார். "குழிய வெட்டிவிட்டது நான். என் தங்கச்சிக்கு அது தெரியாது" என்று ஊரைப் பார்த்துச் சொன்னார். என்னைப் பார்க்கவில்லை.

மத்தியானம் வரை பேசி முடிவு செய்தார்கள். கண்மாய் தெளியும்வரை கொப்பரை நிற்க வேண்டும். தெளிந்தபிறகு ஊர் வந்து பார்த்து அனுமதித்தால் ஏற்றலாம். கெட்டுப்போன நாற்றுக்கு விதை நெல்லை அண்ணன் கொடுக்க வேண்டும். தண்ணீர் தெளியும்வரை ஆனையூர்ப் பக்கத்துக் கிணறுகளிலிருந்து மாட்டு வண்டியில் பீப்பாய் வைத்துக் குடிநீர் கொண்டுவர வேண்டும். வண்டியை ஓட்டியது பாய்தான்.

ஐப்பசியில் மழை பிடித்தது. கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்து, தண்ணீர் பழைய நிறத்துக்கு வந்தது. அந்தப் பச்சைப் பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று விடுதியில் இருந்த மகளிடம் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். தாயிடம் நேரில் கேட்க எனக்கு முகமில்லை. மகளை அவள் பள்ளியிலிருந்து நிறுத்தவில்லை. பார்க்க வரும்போதெல்லாம் ஆய்வுக்கூடத்தைக் கடந்துதான் போவாள், ஆனால் உள்ளே திரும்ப மாட்டாள்.

தை மாதம் கொப்பரை மறுபடி ஏறியது. பட்டை உரித்த மரம், நாலு மணி நேரம், சூட்டோடு புகை. ஊரிலிருந்து முறை வைத்து ஒருவர் வந்து வடிகிற தண்ணீரைப் பார்த்துவிட்டுப் போவார். வந்த காகிதம் பொட்டலக் காகிதம்தான். இறங்கிய துகளைக் காய வைத்து அடுப்பில் போட்டார்கள், நன்றாக எரிந்தது.

அண்ணன் என்னோடு பேசவில்லை. கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்குப் போனேன். அண்ணி சோறு போட்டார். அண்ணன் சாப்பிட்டு எழுந்து வெளியே போய்விட்டார். அடுத்த வருஷமும் அப்படியே.

ஒரு நாள் பள்ளி முடிகிற நேரத்துக்குப் பாய் வந்தார். ஒரு காகிதத்தில் மடித்து நாலு மரச் சில்லுகள் கொண்டுவந்திருந்தார். முகர்ந்து பார்த்தேன், வாகை.

"இது ஒரு லோடு வந்திருக்கு டீச்சரம்மா. எம்புட்டு நேரம் வேகணும்னு அண்ணன் கேட்டுட்டு வரச் சொன்னாக."

பழைய வழக்கப்படி மேசையிலிருந்த துண்டுக் காகிதத்தை எடுத்தேன். பேனாவைத் திறந்தேன். எழுதவில்லை.

"எனக்குத் தெரியாது பாய்" என்றேன். "நாளைக்கு நானே வாரேன். கொஞ்சமா வேக வச்சுப் பாத்துட்டுச் சொல்றேன்னு சொல்லுங்க."

மறுநாள் போனபோது அண்ணன் வாகைக் கட்டையில் உட்கார்ந்து பட்டை உரித்துக்கொண்டிருந்தார். இன்னொரு அரிவாளை என் பக்கம் தள்ளி வைத்து, "கையைப் பாத்துக்க" என்றார்.